நான் கங்காசாகரம் போன கதை

நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த ஆசிரியர் நண்பர், "பூகர்ப்ப சாஸ்திரத்தில் ஏதாவது எழுதேன், மலருக்குக் கொஞ்சம் கனம் இருக்கும்" என்றார். கனமான கட்டுரைகளின் கதி எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு மலரில் விஞ்ஞானப் பகுதியின் பக்கங்கள் மட்டும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே கிடந்ததை விடுதியில் கண்ணாரக் கண்டவன் நான். ஆகவே ஒரு பிரயாணக் கட்டுரையாகவே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இது ஒரு பொய்யின் கதையும்கூட என்பதை அவரிடம் அப்போது சொல்லவில்லை.

எனக்கு ஊர் இராமேசுவரம். மேற்படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய அன்று அம்மா முறுக்கு டின் கொடுத்தாள். அப்பா பணம் கொடுத்தார். அப்பத்தா மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். உள்ளே ஒரு பிடி மணல். தனுஷ்கோடி மணல்.

கங்கை ஜலத்தைக் கொண்டுவந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வதும், சேதுவில் மண் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கங்கையில் கரைப்பதும் நேயர்கள் அறிந்த பழைய வழக்கந்தான். அப்பத்தாவுக்குக் காசியாத்திரை போக வேண்டும் என்று வெகுகாலத்து ஆசை. முழங்கால்கள் சம்மதிக்கவில்லை.

"கங்கை நீ படிக்கப் போற ஊரு வழியாத்தானய்யா போகுது? அங்கனயே கரைச்சிரு. எங்க ஊரு மண்ணு ஒரு பிடியாச்சும் கங்கையப் பாக்கட்டும்" என்றாள்.

"எங்க ஊரு" என்று அவள் சொன்னது இராமேசுவரத்தை அல்ல. அறுபது வருஷம் இராமேசுவரத்தில் குடியிருந்தும் அவளுக்கு அது "வந்த ஊர்"தான். அவள் பிறந்தது தனுஷ்கோடியில். அவளுடைய தகப்பனார் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நிற்க, அதில் வந்தவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போன காலம் அது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் கடல் எழுந்து அந்த ஊரையே கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலையில் அடித்துச் செல்லப்பட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுமியான அப்பத்தா அன்று அத்தை வீட்டு விசேஷத்துக்காக இராமேசுவரம் வந்திருந்தாள். அந்த விசேஷம் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் இந்தக் கட்டுரை எழுத ஆள் இருந்திருக்காது.

கல்கத்தா வந்தேன். பொட்டலம் பெட்டியின் அடியில் போயிற்று. பாபு காட் படித்துறை என் விடுதியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரம். ஒரு மாலை போய் முடிச்சை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை வருஷம் ஆகியும் நான் போகவில்லை. பாதி சோம்பல். மீதிப் பாதி வெட்கம் என்றே சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. வகுப்பில் பாறைகளின் வயதைக் கணக்கிடுகிறவன், மஞ்சள் துணி முடிச்சோடு படித்துறையில் நிற்பதை வகுப்புத் தோழர் யாராவது பார்த்துவிட்டால்?

செய்யச் சொன்னதைச் செய்யாதவன், செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். ஒரு நாள் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப்போய், பாலிகஞ்சில் எங்கள் பரிசோதனைச் சாலையில், கண்ணாடிச் சில்லில் ஒட்டி நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தேன். அடடா! ஊரில் காலால் மிதித்து நடந்த மணலா அது? உருண்டு தேய்ந்த படிகக் கற்கள். நடுநடுவே இளஞ்சிவப்பாகக் கார்னெட் மணிகள். பவளப் பூச்சியின் கூடு உடைந்த துண்டுகள். சங்குபோல் சுருண்ட, கடுகிலும் சிறிய ஓடுகள். இன்னும் இரண்டு சிட்டிகை எடுத்து அதன்மேல் நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டேன். சுண்ணாம்புத் துண்டுகள் நுரைத்துக் காணாமற்போயின. பாடம் சரிதான். ஆனால் கங்கையில் கரைக்கச் சொன்னாளே தவிர, அப்பத்தா அமிலத்தில் கரைக்கச் சொல்லவில்லையே என்ற நினைவு அப்போதுதான் வந்தது. அவசரமாக முடிச்சைப் போட்டேன்.

சென்ற மார்கழியில் டெலிபோனில் அப்பத்தா கேட்டாள்: "மண்ணக் கரைச்சிட்டியாய்யா?"

"கரைச்சிட்டேன் அப்பத்தா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் செய்யும் தவறு, பொய்யை அலங்கரிப்பது. "சாதாரணமா இங்கன இல்ல. கங்கை கடல்ல விழுற எடத்துலயே போயிக் கரைச்சேன். கங்காசாகரத்துல."

மறுபுறம் ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. பிறகு, "என் ராசா!" என்றாள். கோயில் எப்படி என்று கேட்டாள், பெரிது என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள், சாப்பாடுதான் என்றேன். படம் எடுக்கவில்லையா என்று அம்மா குறுக்கே கேட்டாள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த வாரம் தெருவில் பாதிப் பேருக்கு நான் கங்காசாகரம் போய்வந்த புண்ணியவான் என்று தெரிந்துவிட்டது.

மற்றத் தீர்த்தங்களுக்குப் பல தரம் போகலாம், கங்காசாகரத்துக்கு ஒரே ஒரு தரந்தான் என்று வடநாட்டில் ஒரு வசனம் உண்டு. படகுப் பாதை அவ்வளவு அபாயமாக இருந்த காலத்து வசனம். ஒரு தரமும் போகாமலே புண்ணியம் கட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்பத்தாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. மிஞ்சிய வழி ஒன்றுதான்: பொய்யை மெய்யாக்கிவிடுவது.

எங்கள் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரனுக்கு வீடு சாகர் தீவில். "வா, வா" என்று இரண்டு வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தவன். மகர சங்கராந்தி மேளாவுக்கு இலட்சக்கணக்கில் ஜனங்கள் கூடி, கலைந்து, தீவு மூச்சுவிட்ட பிறகு, தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் ஸியால்டாவில் நாம்கானா லோக்கலைப் பிடித்தோம். பொட்டலம் என் சட்டைப் பையில்.

ரயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டம், பொரிக்காரர், மறுபடியும் கூட்டம். காக்த்வீபில் இறங்கி, டோட்டோ வண்டியில் லாட் நம்பர் எட்டு என்ற படகுத்துறைக்குப் போனோம். ஊர்ப் பெயராக இது என்ன எண் என்று வியக்காதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் சுந்தரவனக் காட்டைத் துண்டு துண்டாக எண் போட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். காடு போயிற்று, எண் நிற்கிறது.

துறையில் படகு நின்றது, ஆனால் போகவில்லை. "பாட்டா" என்றார் டிக்கட் கொடுப்பவர். வற்றம். எதிரே மூரிகங்கை ஆறு, மூன்று நான்கு கிலோமீட்டர் அகலத்தில் கிடக்க, அதன் நடுவே எருமை முதுகு போல மணல் திட்டுகள் எழுந்திருந்தன. நீர் ஏறினால்தான் வெஸல் நகரும். வெஸல் என்றுதான் இங்கே படகைச் சொல்கிறார்கள். எங்கள் பாம்பன் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை எட்டாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கும் மேல் நீர் ஏறி இறங்குகிறது. அகன்ற கழிமுகம் உள்ளே போகப் போகக் குறுகுவதால் கடல் நீர் புனலில் ஊற்றியதுபோல் மேலேறுகிறது. வகுப்பில் இதைப் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். துறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தபோதுதான் பாடம் புரிந்தது.

மூன்று மணி நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? சாப்பிடுவான். முதலில் பொரி. பொரியை இவர்கள் சொல்லும்போது நம் காதில் "முடி" என்று விழும். கல்கத்தா வந்த புதிதில் ஒருவர் அன்போடு, "முடி சாப்பிடுகிறாயா?" என்று கேட்க நான் திடுக்கிட்டது நம்மில் பலருக்கும் நேர்ந்த விபத்தாகத்தான் இருக்கும். பொரியோடு உருளைக்கிழங்கு போண்டா, பச்சை மிளகாய். பிறகு மூங்கில் தட்டிச் சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, ஊசிபோல் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, கடுகு அரைத்த குழம்பில் பார்ஷே மீன். நம் மடவையின் தம்பி என்று சொல்லத்தக்க மீன். நெத்தியைவிடப் பெரிது, கையளவு நீளம், எண்ணெய்ப் பசை உள்ளது.

வங்காளிகள் பருப்பைத் தனியாக, காயைத் தனியாக, மீனைத் தனியாக, வரிசை தவறாமல் சாப்பிடுவார்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் பருப்பின்மேல் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்ததைக் கண்டு கடைக்கார அம்மாள் சிரித்து, பக்கத்துக் கடைக்காரியையும் அழைத்துக் காட்டினாள். கடுகெண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் தேர்ந்தவன். நம்மவர்கள் முதல் வருஷம் கடுகெண்ணெயைத் திட்டுவார்கள். இரண்டாம் வருஷம் மௌனமாகச் சாப்பிடுவார்கள். மூன்றாம் வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போய், "அம்மா, மீனில் என்னவோ குறைகிறதே" என்பார்கள். நான் இரண்டாவதைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீர் ஏறிற்று. வெஸல் கிளம்பியதும் கடற்காகங்கள் கூட்டமாகப் பின்தொடர, பிரயாணிகள் பொரியை வீசினார்கள். மூடுபனி நாட்களில் படகு வழிதவறுவது இந்த ஆற்றில் பழைய கதை. பங்கிம் சந்திரரின் 'கபாலகுண்டலா' என்ற 1866-ஆம் ஆண்டு நாவலே, கங்காசாகரம் போய்த் திரும்பும் படகு பனியில் வழிதவறுவதில்தான் தொடங்குகிறது. எங்களுக்கு அப்படி எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. முக்கால் மணியில் கச்சுபேடியா சேர்ந்தோம்.

சாகர் தீவு வடக்குத் தெற்காகச் சுமார் முப்பது கிலோமீட்டர். 2011 ஜனக்கணக்குப்படி இரண்டு இலட்சம் பேருக்கு மேல். கோயிலும் கடற்கரையும் தென்கோடியில். யாத்திரிகர் எல்லாரும் கச்சுபேடியாவில் இறங்கியவுடன் வண்டி பிடித்துத் தெற்கே ஓடிவிடுகிறார்கள். இடையில் இருக்கும் தீவை யாரும் பார்ப்பதில்லை. நண்பனின் வீடு அந்தப் பாராத பகுதியில், வடக்கே, ஆற்றங்கரை அணைக்குப் பக்கத்தில்.

வழி நெடுகச் சாக்குப்படுதா போட்டாற்போல் நாணலாலும் சணல் குச்சியாலும் வேய்ந்த கொட்டகைகள். எட்டிப் பார்த்தால் உள்ளே பசுமையான இருட்டில் வரிசை வரிசையாக வெற்றிலைக் கொடி! நம் ஊர்க் கொடிக்காலில் அகத்தி மரத்தில் படரும் கொடி, இங்கே கூரைக்குக் கீழே கோஷா ஸ்திரீபோல் வளர்கிறது. 'பொரோஜ்' என்று பெயர். தீவின் பிழைப்பில் பெரும்பங்கு இந்த இலைதான். அப்பத்தா ஒரு நாளைக்குப் பத்து வெற்றிலை போடுகிறவள். அவள் நினைவு வந்தது.

நண்பனின் குடும்பத்துக்கும் பொரோஜ் இருந்தது. 2021 மே 26-ஆம் தேதி யாஸ் புயல் ஒரிஸ்ஸாவில் கரையேறிற்று. ஆனால் அன்று பௌர்ணமி. பௌர்ணமி நீரேற்றமும் புயலும் சேர்ந்து அணையைத் தாண்டின. உப்பு நீர் நின்ற தோட்டத்தில் கொடி ஒன்றும் மிஞ்சவில்லை. மழை இரண்டு மூன்று பருவம் உப்பைக் கழுவிய பிறகுதான் மறுபடியும் நட்டார்களாம். இதையெல்லாம் அவன் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மட்டும் என்ன, தனுஷ்கோடியைப் பற்றி அவனிடம் சொன்னேனா?

வீட்டில் அவனுடைய தாயாரை "மாஷிமா" என்று அழைத்து வணங்கினேன். தின்பதற்கு முதலில் வந்தது பிட்டே. அரிசி மாவுத் தோசையை மெல்லியதாக வார்த்து, தேங்காயும் வெல்லமும் கிளறிய பூரணத்தை வைத்துச் சுருட்டியது ஒன்று; பூரணத்தை மாவுக்குள் வைத்து ஆவியில் அவித்தது ஒன்று. இரண்டாவதைக் கண்டதும், "கொழுக்கட்டை!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நாம் பொங்கல் வைக்கும் அதே சங்கராந்திக்கு இவர்கள் பிட்டே செய்கிறார்கள். வெல்லந்தான் வேறு. ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சியது, நோலேன் குட். புகைவாசனையும் தேன்வாசனையும் கலந்தது. கருப்பட்டி நாட்டில் பிறந்தவன் வேறு வெல்லத்தைப் புகழ்வது துரோகம் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மறுநாள் விடியுமுன் அந்தச் சாற்றைப் பச்சையாகவே குடித்தேன். நம் பனையில் பாளையைச் சீவுவோம். இவர்கள் ஈச்சமரத்தின் கழுத்தையே சீவி, மூங்கில் குழாய் செருகி, கலயத்தைக் கட்டுகிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதில்லை. புகை காட்டி உலர்த்துகிறார்கள். ஆகவே வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும், ஏறினால் புளித்துப்போகும். மார்பு நடுங்கும் குளிரில் அந்தக் குளிர்ந்த இனிப்பு தொண்டையில் இறங்கியதை எப்படி எழுதுவது?

ஆனால் நான் எழுத நினைத்த சாப்பாடு வேறு. முதல் நாள் இரவு, விருந்தாளிக்கென்று கொடுவா மீனும் இறாலும் சமைத்து மாஷிமா பரிமாறிக்கொண்டிருந்தாள். சமையற்கட்டின் மூலையிலிருந்து ஒரு வாசனை வந்தது. என் மூக்கு தவறு செய்யாது.

"கருவாடா?" என்றேன் நண்பனிடம். அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். அவன் முகம் சிவந்துபோயிற்று. "அது ஷுட்கி. வீட்டாருக்காக வைத்தது. உனக்குப் பிடிக்காது" என்றான். மாஷிமா சட்டியை மூடி இன்னும் உள்ளே தள்ளினாள்.

கல்கத்தாவில் கருவாடு படும் பாட்டை நான் அறிவேன். முதல் வருஷம் அப்பத்தா கொடுத்தனுப்பிய கருவாட்டை, அறைத் தோழர்கள் முகம் சுளித்ததால், இரவோடு இரவாகக் குப்பைத் தொட்டியில் போட்டவன் நான். அந்த இரவை நினைத்துக்கொண்டு, "எனக்கு அதுதான் வேண்டும்" என்று தட்டை நீட்டினேன். பூண்டும் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்த்துத் துவையல் போல் அரைத்து வதக்கியிருந்தார்கள். இரண்டு தரம் சோறு வாங்கினேன். கொடுவா தட்டில் ஆறிப்போயிற்று. மாஷிமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நண்பன் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, பிறகு தானும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் அவனுடைய பாட்டி, டாகுமா, என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மஞ்சள் துணியைப் பற்றிக் கேட்டாள். என் வங்காளி பாஷை சந்தையில் பேரம் பேசப் போதும், இதற்குப் போதவில்லை. நண்பன் உதவினான். தனுஷ்கோடி, 1964, கடல், அப்பத்தா, மண், எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

டாகுமா முடிச்சை அவிழ்த்து இரண்டு விரலால் மணலைத் தேய்த்துப் பார்த்தாள். "எவ்வளவு கரடாக இருக்கிறது! எங்கள் மண் வழுக்கும்" என்றாள். பிறகு, "அந்த ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டிருக்கிறார்கள். இடிந்த தேவாலயம் நிற்கிறது. ரயில் நிலையத்தின் சுவர் நிற்கிறது. தினம் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள்" என்றேன். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு அங்கே சங்கு மாலைக் கடையும் மீன் வறுவல் கடையும் வந்துவிட்டதையும் சொன்னேன்.

"எங்கள் ஊருக்குப் போனால் பார்க்க ஒன்றும் நிற்காது" என்றாள் டாகுமா.

அவள் ஊர் கோடாமாரா. சாகருக்கு வடக்கே, ஒரு காலத்தில் சாகரோடு சேர்ந்திருந்து பிரிந்த தீவு. எழுபதுகளில் இருந்ததில் பாதியும் இப்போது இல்லை. அதன் பக்கத்தில் இருந்த லோகாச்சரா தீவு முழுவதும் ஆற்றுக்குள் போய்விட்டது. போன இடத்து ஜனங்கள் பலர் சாகரில் வந்து குடியேறினார்கள். தனுஷ்கோடி ஒரே இரவில் போயிற்று. கோடாமாரா நாற்பது ஐம்பது வருஷமாக, வரப்பு வரப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. டாகுமாவின் வீடு நான்கு தரம் பின்னால் தள்ளிக் கட்டப்பட்டது. ஐந்தாம் தரம் இங்கே.

காரணம் கேட்டால் என் பாடப்புத்தகம் பல சொல்லும். கடல் மட்டம் உயர்கிறது. கழிமுகத்து மண் தன் பாரத்தால் தானே அமுங்குகிறது. குடியேறியவர்கள் நிலத்தைச் சுற்றி அணை போட்ட நாள் முதல், ஆறு கொண்டுவரும் வண்டல் வயலில் படிய வழியில்லை. அணைக்கு வெளியே நீர் உயர, உள்ளே நிலம் தாழ்ந்தபடி இருக்கிறது. அணை இல்லாவிட்டாலோ அடுத்த பௌர்ணமிக்கே உப்பு நீர் வீட்டுக்குள் வரும். தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண். டாகுமா என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் இரண்டு பேரும் படிக்கிறீர்களே, இந்த வீடு எத்தனை வருஷம் நிற்கும்?" நானும் நண்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நண்பன், "நிறைய வருஷம், டாகுமா" என்றான். அவனும் பொய் சொல்லிப் பழகாதவன். ஆனால் என்னைப்போல் அலங்கரிக்கவில்லை.

காலையில் வற்றத்தின்போது அவள் எங்களை அணைமேல் அழைத்துப்போய்க் கைகாட்டினாள். சேறு நிறத்து நீரில் ஒரு மீன்படகு போய்க்கொண்டிருந்தது. "அந்தப் படகு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம். எங்கள் குளம்" என்றாள். நிறையக் கெளுத்தி கிடைக்கும் குளமாம். நாங்கள் நெடுநேரம் பார்த்தோம். படகு போனபின் அடையாளமும் போயிற்று.

அன்றே பஸ்ஸில் தெற்கே கங்காசாகரம் போனோம். மேளாவுக்காகக் கோரை வேய்ந்து கட்டிய குடில்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கபில முனி கோயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. செந்தூரம் பூசிய கபிலர். ஒரு பக்கம் கங்கை. ஒரு பக்கம் சகர மன்னன். சகரன் மக்கள் அறுபதாயிரவர் சாம்பலானதும், அவர்களுக்காகப் பகீரதன் கங்கையைக் கொணர்ந்ததும் நமக்குத் தெரிந்த கதை. இப்போதுள்ள கோயில் 1970-களில் எழுந்தது. முந்தியவற்றைக் கடல் கொண்டது. இப்போதும் கடல் நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதே கரையில் நேர்த்திக்கடன் என்று குழந்தைகளைக் கடலில் விட்ட கொடுமையும் ஒரு காலத்தில் நடந்தது. வெல்லெஸ்லி 1802-இல் சட்டம் போட்டுத் தடுத்தார். இன்னொன்றும் என்னை நிற்கவைத்தது: 1864 அக்டோபர் 5-ஆம் தேதிப் புயலில் இந்தத் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். அந்தப் புயலும் பின்வந்த பஞ்சங்களும் கொடுத்த பாடத்தால்தான் 1875-இல் இந்திய வானிலை இலாகா பிறந்தது. 1864; அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்துத் தனுஷ்கோடி. இதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை, தற்செயல்தான். ஆனாலும் மனம் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை.

கடற்கரையில் மூங்கில் சட்டங்களில், வாயோடு வாய் கோத்து, லோட்டே மீனைக் கொடித்துணிபோல் காயப் போட்டிருந்தார்கள். நாங்கள் மணலில் பரப்புவோம். காற்றில் ஊரின் வாசனை.

கங்கையும் கடலும் கூடும் இடம் எது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் ஆகாது. கழிமுகமே பல மைல் அகலம். நீர் வற்றியிருந்ததால் சாம்பல் நிறச் சேற்றுமணலில் வெகுதூரம் நடந்தேன். இமயமலை அப்பிரகம் காலடியில் மினுமினுத்தது. முழங்கால் நீரில் நின்று முடிச்சை அவிழ்த்தேன். மந்திரம் தெரியாது. "அப்பத்தா ஊர் மண்" என்று மட்டும் சொன்னேன்; உரக்கச் சொன்னேன். நண்பன் பக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மணல் கரையவில்லை; படிகக்கல் நீரில் கரையுமா? கங்கையின் வண்டல் சுழன்றுகொண்டே இருக்க, எங்கள் ஊர் மணல் கனத்து நேராக அடியில் இறங்கிற்று. ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த அலை மூடிவிட்டது. கண்ணாடிச் சில்லில் ஒட்டிய சிட்டிகை மட்டும் இன்னும் பாலிகஞ்சில் இருக்கிறது. அதைக் கரைக்க மனம் வரவில்லை.

கரையில் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு டெலிபோன் செய்தேன். பார்ஷே மீனில் தொடங்கி, பிட்டே, ஈச்சஞ்சாறு, கலயத்தில் சுண்ணாம்பு போடாதது, ஷுட்கித் துவையல், வெற்றிலைக் கொட்டகை, டாகுமாவின் குளம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள், "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் துணிந்தேன்.

"அப்பத்தா, மார்கழில நான் இங்க வரல. பொய் சொன்னேன். இன்னைக்குத்தான் கரைச்சேன்."

"தெரியும்யா."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு கேட்டதுக்குச் சாப்பாடுன்னு சொன்னே. கடக்கரைக்குப் போயிட்டு வந்தவன் அப்படியா சொல்லுவான்?"

நான் பேசாமல் இருந்தேன்.

"அது கெடக்கட்டும். அந்த அம்மா வீட்டுக் கருவாட்டுத் தொவையலுக்குப் புளி வச்சாகளா, வைக்கலையா?"

மாஷிமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளு. வெத்திலை ஒரு கவுளி வாங்கிக்க. ஈரத்துணியில சுத்துனா ரெண்டு நாளு தாங்கும். உங்க அண்ணன் சென்ட்ரலுக்கு வந்து வாங்கிக்கிருவான்."